காப்பிரி மாஸ்டரின் அடி

கூப்பன் அரிசி தின்று வளர்ந்த என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய யுத்தம் முடிந்த பிறகும் அரிசிக்கு அட்டை காட்டிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிலேட்டை எச்சில் தொட்டு அழித்ததும், பள்ளிக்கூடத்தில் தந்த பணிஸ் ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு மீதியை வீட்டுக்குச் சட்டைப்பைக்குள் கொண்டுபோனதும் உங்களுக்குத்தான் விளங்கும். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இன்று எங்கள் உப்புநீர்க் களப்பில் எனக்கு ஐந்து வள்ளம் ஓடுகிறது. புத்தளம் டவுனில் மூன்று கடை. ஐஸ் போடுகிற கட்டடம் ஒன்று. கோட் போட்ட பட்டதாரிகள் என் முன்னால் கதிரை நுனியில் இருந்து கதைத்துவிட்டுப் போகிறார்கள். எழுத்தை நான் முப்பது வயதுக்குப் பிறகு லொறிப் பலகைகளைப் பார்த்தே பழகினேன். இதில் பிழை திருத்தியது என் பேத்தி. மற்றதெல்லாம் என் கையால் வந்தது.

இவ்வளவு இருந்தும் எனக்கு ஒருவன் மேல் இன்னும் எரிச்சல் இருக்கிறது. அவன் என் மாமியின் மகன். எரிச்சல் இல்லை, அதற்குப் பெயர் பொறாமை என்று பேத்தி சொல்கிறாள். சரி, அப்படியே இருக்கட்டும். அது எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன்.

அது கச்சான் காற்றுக் காலம். எங்கள் பள்ளிக்கூடம் கடலுக்கும் களப்புக்கும் நடுவில், ஓலைக் கூரையும் அரைச் சுவருமாக நின்றது. காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வகுப்புக்குள் கொட்டும். பல்லுக்குள் மண் கடிபட வாய்ப்பாடு சொல்லுவோம். அந்தக் காற்றில்தான் ஒரு நாள் புத்தளத்து லோஞ்சுப் படகில் புது மாஸ்டர் வந்து இறங்கினார். ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, நன்றாகத் தேய்த்த வெள்ளைக் காற்சட்டை. பெட்டியைத் தூக்கிய ஆள், "கல்லா இரிக்கு இதுக்குள்ள?" என்று கேட்டான். உள்ளே முழுவதும் புத்தகம்.

அவர் காப்பிரி இனத்தவர். அந்தப் பெயரை அன்று எங்கள் ஊர் எப்படிச் சொன்னதோ அப்படியே எழுதுகிறேன். ஒரு காலத்தில் பறங்கிக்காரனும் ஒல்லாந்தனும் வெள்ளைக்காரனும் கோட்டைக் காவலுக்கென்று ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஆட்களின் வம்சம். புத்தளம் பக்கம் கொஞ்சக் குடும்பங்கள் இருந்தன. வேதக்காரர்கள். அவருடைய முடி சுருண்டு சுருண்டு தலையோடு ஒட்டிக் கிடந்தது. நிறத்தைச் சொன்னால், வெயிலில் கருவாடு போடுகிற என் வாப்பா அவரைவிடக் கறுப்பு. ஆனாலும் ஊரில் யாரும் வாப்பாவைக் காட்டிப் பிள்ளைகளைப் பயப்படுத்தவில்லை. அவர் வந்த மூன்றாம் நாளே என் உம்மா தங்கச்சிக்குச் சோறு ஊட்டும்போது, "தின்னு புள்ள, இல்லாட்டி காப்பிரி மாஸ்டருக்கிட்டப் பிடிச்சிக் குடுப்பன்" என்றாள். தங்கச்சி மூன்று கவளத்தை ஒரே மூச்சில் விழுங்கினாள்.

நான் அப்போது சட்டாம்பிள்ளை. வகுப்பில் பெரிய உடம்பு எனக்கு. வாப்பாவின் கருவாட்டு வாடியிலிருந்து தலைமை வாத்தியாரின் வீட்டுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் மீன் போகும். இரண்டும் சேர்ந்தால் சட்டாம்பிள்ளை ஆகாமல் வேறு என்ன ஆவது? தலைமை வாத்தியாரின் அறையில் தண்ணீர்க் குடம் நிரப்புவது என் வேலை. அதனால் முதல் நாள் கதை முழுவதும் என் காதில் விழுந்தது.

"சேர், நான் தமிழுக்குப் பயிற்சி எடுத்தவன். வாசிப்பு, எழுத்து, இதில் ஏதாவது தந்தால் நல்லம்" என்றார் மாஸ்டர். மெல்லிய குரல். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவருக்கு நெஞ்சு இழுப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

தலைமை வாத்தியார் சிரித்தார். "தமிழுக்கு ஆள் இருக்கு மாஸ்டர். எனக்குத் தேவை ஒரு கை. இந்தக் கடற்கரைப் பொடியன்கள் பொல்லாதவன்கள். உங்கட ஆட்கள் கோட்டை காத்த ஆட்கள். கல்விக் கந்தோரில் உங்களை எனக்குத் தந்தபோதே நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்."

மேசை மேல் மூன்று சாமான் வைத்தார். ஒரு பிரம்பு, ஒரு விசில், ஒரு பறை மேளம்.

"எனக்கு மேளம் அடிக்கத் தெரியாது, சேர்."

"அதென்ன கதை? அது உங்கட இரத்தத்தில இருக்கே!"

மாஸ்டர் மூன்றையும் எடுத்துக்கொண்டார். எடுக்காமல் அவரால் ஏலாது. அவருடைய நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு வருடம் முடிய தலைமை வாத்தியார் கையெழுத்து வைத்து, பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வருகிற வித்தியாதரிசிக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவர் தகரப் பெட்டியோடு அடுத்த லோஞ்சில் ஏற வேண்டியதுதான்.

ஓட்டப் போட்டிக்குப் பழக்குகிற நாளில் விசில் ஊதப்போய் இருமிக் குனிந்துவிட்டார். வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "டேய், ஓடத் தெரியாத காப்பிரியக் கொண்டந்திரிக்காங்கடா! கள்ளச் சாமான் தள்ளிட்டானுகள்!" நானும் சிரித்தேன். ஏமாற்றமாகவும் இருந்தது. அவர் வந்து என்னைத் தோளில் தட்டி, நீதான் இந்தப் பள்ளிக்கூடத்தின் வீரன் என்று சொல்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அடி விஷயத்தில் ஊர் ஏமாறவில்லை. எந்த வகுப்பில் எந்தப் பொடியன் குழப்படி செய்தாலும், பாடம் தெரியாமல் முழித்தாலும், அந்த வாத்தியார் துண்டுக் கடதாசியில் எத்தனை அடி என்று எழுதித் தருவார். சட்டாம்பிள்ளை பொடியனைச் சட்டைக் கொலரில் பிடித்துச் சாமான் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். உடைந்த வாங்குப் பலகைகள், மண்வெட்டி, கிழிந்த உலகப் படம், சுருட்டிய பழைய பாய், இதெல்லாம் கிடக்கிற இருட்டு அறை. மாஸ்டர் பொடியனை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துவார். பிறகு பிரம்பு விழும் சத்தம். பிறகு பொடியன் கத்துவான், "யா அல்லாஹ், உம்மோ, செத்தேன்!" பிறகு நீண்ட அமைதி. அதன் பிறகு அடுத்த அடி.

"பாத்தியா," என்று தலைமை வாத்தியார் இன்னொரு வாத்தியாரிடம் சொன்னார், "நாங்கள் மடமடவென்று அடிச்சிட்டுப் போயிருவோம். அவர் நிதானமா அடிக்கிறார். அதுதான் நோவு."

மாமி மகன்தான் அந்த அறைக்கு அதிகம் போனவன். மெலிந்த பொடியன். திக்குவாய். நாலாம் வகுப்பில் இருந்துகொண்டு 'அம்மி'யைக்கூட எழுத்துக் கூட்டி வாசிக்க மாட்டான். கிழமைக்கு மூன்று துண்டு அவனுக்கு வரும். அவனைக் கொலரில் பிடித்து இழுத்துப்போவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இனி என் கள்ளத்தையும் சொல்ல வேண்டும். எனக்கும் வாசிக்கத் தெரியாது. ஓதப்பள்ளியில் குர்ஆன் சொல்லித்தருகிற லெப்பை ஒரு தரம் ஓதினால் நான் அப்படியே திருப்பி ஓதுவேன். அந்த மூளையை இங்கேயும் பாவித்தேன். மற்றவன் பாடத்தை வாசிக்கும்போது காதில் பிடித்துக்கொள்வேன். என் முறை வந்ததும் புத்தகத்தைப் பார்த்தபடி ராகத்தோடு ஒப்புவிப்பேன். மூன்று வருடம் ஒரு வாத்தியாரும் பிடிக்கவில்லை. கெட்டிக்காரன் என்று பெயர்.

தமிழ் வாத்தியாருக்கு மஞ்சள் காமாலை வந்து அவர் லீவில் போனபோது, வேறு வழியில்லாமல் எங்கள் வாசிப்புப் பாடத்தைக் காப்பிரி மாஸ்டரிடம் கொடுத்தார்கள். நான் எழும்பி நின்று முழங்கினேன். அவர் மெல்ல நடந்து என் பக்கத்தில் வந்தார். தன் கையை விரித்து என் புத்தகப் பக்கத்தின் மேல் வைத்தார். எழுத்து முழுவதும் மறைந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. ராகம் போகிற வேகத்தில், அவருடைய கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே இன்னும் நாலு வரி வாசித்தேன்!

வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு, "நல்ல குரல். இரு" என்றார்.

பாடசாலை விட்ட பிறகு கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டார். "மகன், ஒரு சின்னப் பிழை செய்யன்."

"என்ன மாஸ்டர்?"

"ஏதாவது. ஒரு மைக்கூட்டைத் தட்டி விடு. உன்னையும் துண்டு எழுதி என்னட்ட அனுப்புவாங்க."

எனக்கு விளங்கவில்லை. அடி வாங்க வா என்று கூப்பிடுகிற ஆளை எங்கே கண்டோம்? "நான் அடி வாங்குற ஆள் இல்ல மாஸ்டர். நான் சட்டாம்பிள்ள" என்றேன். அவர் தலையை ஆட்டினார். வாளியைக் கிணற்றில் விட்டார். அவ்வளவுதான். அவர் கேட்டதும் அந்த ஒரு தரம்தான்.

அந்தக் கிழமை வாடியில் நடந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. ஆட்கள் மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். உப்புச் சுற்றிவந்த பழைய பேப்பர் ஒன்று காற்றில் பறந்து மாமி மகனின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான். எடுத்தவன் வாசித்தான். கொழும்புத் துறைமுகத்தில் என்னவோ வேலைநிறுத்தம் என்று ஒரு செய்தி. மெதுவாக, விரலை வைத்து வைத்து, ஆனால் வாசித்தான். வாசிக்கும்போது அவனுக்குத் திக்கவில்லை. அதுதான் அதிசயம்.

வாப்பா கத்தியைக் கீழே வைத்தார். "மாஷா அல்லாஹ்! டேய், இஞ்ச பாருங்கடா! காப்பிரிட அடி செஞ்ச வேலையப் பாருங்கடா!" பிறகு பேப்பரை வாங்கி என்னிடம் நீட்டினார். "எங்க, அடுத்த வரிய நீ வாசி. நீ பெரிய கெட்டிக்காரனாச்சே."

அந்தப் பாடத்தை நான் யாரும் வாசித்துக் கேட்டதில்லை. கறுப்புக் கறுப்பாக எறும்பு ஊர்ந்தது. "கண்ணில உப்புப் பட்டிட்டு வாப்பா" என்றேன்.

வாப்பா சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். வாப்பா அன்று பிடிபட்ட பெரிய பாரை மீனின் தலையை ஓலையில் சுற்றி மாமி மகனின் கையில் கொடுத்தார். "உம்மாட்டக் குடு. ஆணம் காய்ச்சச் சொல்லு. படிச்ச புள்ளக்கி மூள வேணும்." எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் எனக்குத்தான். நண்பர்களே, இத்தனை வருடத்தில் எத்தனையோ தலை தின்றுவிட்டேன். அந்தத் தலை மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அடி வாங்கினால் எழுத்து வருமா? எனக்கு அதை அறிய வேண்டும். மறுநாள் மாமி மகனைச் சாமான் அறையில் விட்டுவிட்டு, நான் திரும்பிப் போகாமல் கடல் பக்கம் சுற்றிப் போனேன். யன்னல் பலகையில் ஒரு வெடிப்பு. கண்ணை வைத்தேன்.

மாஸ்டர் வாங்கில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஒட்டி, மாமி மகன். மடியில் புத்தகம். மாஸ்டர் இருந்த இடத்திலிருந்தே பிரம்பை ஓங்கிச் சுருட்டிய பாயில் ஒரு போடு போட்டார். மாமி மகன் கண்ணை மூடிக்கொண்டு, "யா அல்லாஹ், செத்தேன்!" என்று அலறினான். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பொடியன் விரலை வைத்து ஒரு வரி வாசித்தான். மாஸ்டர் தலையை ஆட்டினார். அடுத்த அடி பாய்க்கு. அடுத்த அலறல். அடுத்த வரி.

தலைமை வாத்தியார் புகழ்ந்த அந்த நிதானம் அதுதான். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு வரி வாசிப்பு.

எத்தனை பொடியன்களைக் கொலரில் பிடித்து அங்கே கொண்டுபோய் விட்டிருப்பேன்! எல்லாருக்கும் தெரிந்த இரகசியம், எனக்கு மட்டும் தெரியாது. என்னைக் கூப்பிட்டார் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும், அவன் இருந்த இடத்தில் நான் இல்லை என்பதுதான் கண்ணுக்குள் நின்றிருக்கும்.

நேரே தலைமை வாத்தியாரிடம் போனேன். "சேர், காப்பிரி மாஸ்டர் ஒருத்தருக்கும் அடிக்கிறல்ல. பாய்க்குத்தான் அடிக்கிறார்."

அன்று பின்னேரமே தலைமை வாத்தியாரும், பள்ளிவாசல் மரைக்காரும், என் வாப்பாவும் சாமான் அறை வாசலில் நின்றார்கள். பொடியன்கள் எல்லாம் வெளியில் கூடிவிட்டார்கள். மாஸ்டர் கதவோரம் நின்றார். காற்றில் அவருடைய காற்சட்டை படபடத்தது.

"மாஸ்டர், இவன் இப்படிச் சொல்றான்" என்றார் தலைமை வாத்தியார். "இவன் சொல்றது உண்மையா, பொய்யா?"

மாஸ்டர் பிரம்பை மற்றக் கைக்கு மாற்றினார்.

"உண்மையென்றால் நீங்கள் எங்களை ஏமாத்தியிருக்கீங்க. நான் வித்தியாதரிசிக்கு எழுதவேணும். பொய்யென்றால் ஒரு மாஸ்டர் மேல பொய் சொன்ன பொடியன் இந்தா நிக்கிறான். பிரம்பு உங்கட கையில. எங்களுக்கு முன்னால அடிங்க. விஷயம் முடிஞ்சுது."

மரைக்கார், "அடிக்காத காப்பிரிய நாங்க என்னத்துக்கு வச்சிரிக்கிற?" என்று மெல்லக் கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். உழாத மாட்டைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

வாப்பா முன்னால் வந்தார். "அடிங்க மாஸ்டர். என்ட புள்ளதான், நானே சொல்றன். நல்லா அடிங்க. உங்கட கை விழுந்தா எழுத்து வருதே, இவனுக்கும் வரட்டும்."

நான் உள்ளே போய்க் கையை நீட்டினேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது உண்மை என்று அவருக்கும் எனக்கும் வெளியில் நின்ற பொடியன்களுக்கும் தெரியும், பெரியவர்களுக்குத்தான் தெரியாது. முதல் அடி பஞ்சு போல விழுந்தது.

"இதுவா அடி?" என்றார் தலைமை வாத்தியார்.

இரண்டாவது சுள்ளென்றது. மாஸ்டர் குனிந்தார். மூச்சு இழுத்தபடி என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார், "கத்து மகன். ஒரு தரம் கத்து. விட்டிருவாங்க."

நான் கத்தவில்லை.

மூன்று. நான்கு. "கத்துடா." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மற்ற எல்லாரும் அந்த அறைக்குள் பொய்யாகக் கத்தியவர்கள். நான் உண்மையாக வாங்கிவிட்டுக் கத்தாமல் போவேன் என்று எனக்குள் ஒரு ஆங்காரம். அவனுக்குப் புத்தகம் கொடுத்தீர், எனக்கு அடியைத்தான் கொடுக்கப் போகிறீர், கொடும் பார்ப்போம். நான் வாயைத் திறக்காதவரை தலைமை வாத்தியார் போதும் என்று சொல்லவில்லை. அவர் சொல்லாதவரை மாஸ்டரால் நிறுத்த ஏலவில்லை. ஒவ்வொரு அடியும் முந்தியதைவிட ஓங்கி விழுந்தது. கடைசியில் அவர் என் கையைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்து அடித்தார்.

பன்னிரண்டாவதில் ஒரு அலறல் கேட்டது. "போ... போ... போதும் மாஸ்டர்!" வெளியில் நின்ற மாமி மகன். வாசலுக்கு ஓடிவந்து நிலத்தில் விழுந்து அழுதான். அது பாய்க்கு விழும் அடிக்கு அலறுகிற அலறல் இல்லை.

மரைக்கார் சிரித்துவிட்டார். "அடி இவனுக்கு, அழுக அவனுக்கு! இனிப் போதும், மாஸ்டர்ர கையைக் கண்டாச்சி."

தலைமை வாத்தியார் மாஸ்டரின் முதுகில் தட்டினார். "நான் சந்தேகப்படல்ல மாஸ்டர். ஆனா ஒண்டு, இனிமேல் இந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். மற்றப் பொடியன்களும் பார்த்தாத்தான் பயம் வரும்."

கதவு திறந்தே இருந்தது. மறுநாள் நான் வீங்கிய கையோடு ஒரு பொடியனைக் கொண்டுபோனேன். மூன்று அடி என்று துண்டில் இருந்தது. எல்லாரும் பார்க்க மூன்று அடி விழுந்தது. நடுவில் அமைதி இல்லை. ஊர் சந்தோஷப்பட்டது. மாஸ்டரின் நியமனம் நிரந்தரமானது. மஞ்சள் காமாலைக்காரர் திரும்பி வந்து வாசிப்புப் பாடத்தை எடுத்துக்கொண்டார். நான் அந்த வருடத்தோடு வள்ளத்தில் ஏறிவிட்டேன். மாமி மகனுக்கு அந்த அறையில் கிடைத்தது போதுமாக இருந்தது. மிச்சத்தைத் தானே படித்தான். மேலே மேலே போய், கண்டிப் பக்கம் ஒரு தபால் கந்தோருக்குப் பெரியவனாக இருந்து பென்சன் எடுத்தான்.

ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு புத்தகம் கக்கத்தில் இருக்கும். அதைக் கண்டால் எனக்குப் பசி போய்விடும்.

நான் தலையெடுத்த பிறகு, என் இரண்டாவது கடை திறந்த வருடம், புத்தளம் பஸ் நிலையத்தில் மாஸ்டரைக் கண்டேன். காரை நிறுத்தி இறங்கினேன். நரைத்த சுருள் முடி. அதே இழுப்பு. பக்கத்தில் நின்ற சாப்பாட்டுக் கடைக்காரன் தன் மகனிடம், "இவர்தான்டா அந்தக் காலத்து அடி மாஸ்டர். இவர்ர பேரச் சொன்னாலே மூத்திரம் போகும்" என்றான். மாஸ்டர் அந்தப் பொடியனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். பொடியன் தகப்பனின் சாரத்துக்குள் ஒளிந்துகொண்டான்.

நான் யார், எவரின் மகன் என்று சொன்னேன். கடைகளைப் பற்றிச் சொன்னேன். வள்ளங்களைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்ர மச்சான் எப்படி இருக்கிறான்? இன்னும் வாசிக்கிறானா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காரைக் காட்டுகிறேன், அவர் அவனைக் கேட்கிறார்.

"அவன் இரிக்கான் மாஸ்டர்" என்றேன். பிறகு விட மனமில்லாமல், மற்றப் பொடியன்களுக்கு விழுந்ததை மறந்தவன் போல வலது கையை விரித்து அவர் முன்னால் நீட்டினேன். "என்ன ஞாபகம் இல்லையா? பன்னிரண்டு அடி. ஒரு சத்தம் போடல்ல. உங்கட கையால உண்மையா வாங்கின ஒரே ஆள் நான்தான் எண்டு இண்டைக்கும் எல்லாருக்கும் சொல்றனான்."

அவர் என் உள்ளங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஒரே ஆள் இல்ல மகன்" என்றார். "முதல் ஆள். அதுக்குப் பிறகு நான் எண்ணுறத விட்டிட்டன்."

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "மச்சானிட்ட நான் கேட்டதாச் சொல்லு" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவரைக் கண்டது அதுதான் கடைசி.

வீட்டுக்குப் போனதும் அவனுக்குக் கடிதம் போடவேண்டும் என்று நினைத்தேன். போடவில்லை. பெருநாளைக்கு அவன் வந்தபோது சொல்ல வாயெடுத்தேன். கக்கத்தில் புத்தகத்தைக் கண்டேன், வேறு கதை கதைத்தேன். மாஸ்டர் மௌத்தான செய்தியை அவன்தான் எனக்குச் சொன்னான். அன்றும் சொல்லவில்லை. அவரிடம் போய்ப் பார்க்காமல் விட்டுவிட்டேனே, என்னை அவருக்கு ஞாபகமே இருந்திராது என்று அவன் அழுதான். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்தேன்.

கிடைக்கிற எழுத்தையெல்லாம் வாசிக்கிறவன் அவன். உப்புச் சுற்றிய பேப்பரையும் விடமாட்டான். இதையும் வாசிப்பான்.

மச்சான், மாஸ்டர் உன்னைத்தான் கேட்டார்.